ஒரு மாதம் வீட்டை விட்டு வந்து சேர்ந்து வாழ: எப்படி அமைத்தால் வருவீர்கள்?

தாழ்வாரம் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போன வருடம் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, இருபத்தாறு பேரை வரவழைத்து, 12 நாள் ஒன்றாகத் தங்கினோம். எழுதுகிறவர்கள், மென்பொருள் ஆட்கள், ஒரு தச்சர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு செவிலியர் என்று பல துறை ஆட்களும் இருந்தார்கள். தினசரி ஓட்டத்தில் தனியாகச் செய்ய முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவதை, நாலு பேரோடு சேர்ந்திருந்து செய்து பார்க்கலாம் என்பதுதான் எண்ணம்.

முதல் மூன்று நாள் நன்றாகப் போனது. நான்காம் நாளிலிருந்து அவரவர் அறை, அவரவர் லேப்டாப். வந்தவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று சமையலுக்கும் சுத்தம் செய்வதற்கும் ஆள் வைத்திருந்தோம். காலையில் ஒரு பயிற்சி, மதியம் ஒரு கலந்துரையாடல், மாலையில் ஒரு உரை என்று அட்டவணையை இடைவெளியே இல்லாமல் நிரப்பியிருந்தோம். யாரும் குறை சொல்லவில்லை, கடைசி நாள் படிவத்தில் எல்லாரும் நல்ல மதிப்பெண்தான் போட்டார்கள். ஆனால் ஒருவர் மட்டும் கீழே எழுதியிருந்த வரி இன்று வரை என்னை விடவில்லை: "நான் வராமல் இருந்திருந்தாலும் இங்கே எல்லாம் இப்படியேதான் நடந்திருக்கும்."

அடுத்த வருடம் 28 நாள், முப்பது பேர் என்று யோசிக்கிறோம். வேலை, வீடு, குடும்பம் எல்லாவற்றையும் ஒரு மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை. அப்படி வருகிறவருக்கு, வந்தது வீண் இல்லை என்று தோன்ற என்ன இருக்க வேண்டும்? எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு அட்டவணை, யாரைச் சேர்ப்பது? இதுபோல எங்காவது தங்கிப் பார்த்தவர்கள், நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நல்லபடியாக நடந்ததை விட, எது சொதப்பியது என்று சொன்னால் இன்னும் நல்லது.

---

மரப்படி எழுதியது:

அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. சமையலுக்கும் சுத்தத்துக்கும் ஆள் வைத்தீர்களே, அங்கேதான் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கையில் வேலை இல்லாதவர் விருந்தாளி. விருந்தாளிக்கு அந்த இடத்தின் மேல் உரிமையும் வராது, அக்கறையும் வராது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் தோன்றும்.

பிரான்சில் தெய்சே என்ற சின்ன கிராமத்தில் 1940-இல் சகோதரர் ரோஜே தொடங்கிய துறவியர் சமூகம் ஒன்று இருக்கிறது. கோடைக்காலத்தில் வாரம்தோறும் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறார்கள். நாளுக்கு மூன்று வேளை பிரார்த்தனை, சிறு குழுக்களாகப் பேச்சு. பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, கழிப்பறை சுத்தம் செய்வது என்று வேலையெல்லாம் வந்தவர்கள்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நேற்று வந்திறங்கியவன் இன்று ஐந்நூறு பேருக்குத் தட்டு நீட்டிக்கொண்டிருப்பான். அவன் நிற்கவில்லை என்றால் வரிசை நகராது, அது அவனுக்கும் தெரியும்.

நான் இருபத்திரண்டு வயதில் ஒரு கட்டுமான முகாமில் மூன்று வாரம் இருந்தேன். அங்கே கேட்ட உரைகளில் ஒன்றுகூட இன்று ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது பாத்திரம் கழுவிய ஒரு ராத்திரி. நாற்பது பேர் தட்டு, ஒரே தொட்டி. எனக்கு ஜோடியாக வந்தது என்னை விட முப்பது வயது மூத்த ஒரு அம்மா, அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தேய்ப்பார், நான் அலசித் துடைத்து அடுக்குவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனாலோ என்னவோ, ஒரு இருபது தட்டு தாண்டியதும் அவர் தன் அண்ணனோடு பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். தட்டு தீர்ந்துவிட்டது, தொட்டியில் நுரை அடங்கி விட்டது, நாங்கள் இரண்டு பேரும் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றோம்.

ஒரு வட்டமாக உட்கார வைத்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இது வெளியே வராது. அதனால் வேலைகளை ஜோடியாகப் பிரியுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வேலை நிஜ வேலையாக இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக உருவாக்கிய வேலை என்றால் உடனே தெரிந்துவிடும்.

---

ஆறாம்விரல் எழுதியது:

மரப்படி சொல்வது சரி, ஆனால் பாதிதான். பாத்திரம் கழுவ யாரும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வரமாட்டார்கள். வந்த காரியம் என்று ஒன்று வேண்டும், அந்தக் காரியம் வீட்டில் இருந்தால் நடக்காததாக இருக்க வேண்டும். தாழ்வாரம், உங்கள் பதிவில் எனக்கு அதுதான் தெளிவாக இல்லை. பல துறை ஆட்கள் சேர்ந்திருந்து எதைச் செய்யப் போகிறார்கள்? "சந்தித்துப் பேச" என்பது மூன்று நாளைக்குத் தாங்கும், உங்களுக்கும் மூன்று நாள்தான் தாங்கியிருக்கிறது.

நான் அதிகம் யோசித்துப் பார்த்த இடம் ஜெர்மனியில் கருங்காட்டுக்குள் இருக்கும் ஓபர்வுல்ஃபாக் கணித ஆய்வு நிலையம். 1944-இல் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஏறத்தாழ ஐம்பது கணித அறிஞர்கள், திங்கள் முதல் வெள்ளி வரை. அங்கே எனக்குப் பிடித்த ஏற்பாடு சாப்பாட்டு மேஜை. ஒவ்வொருவர் பெயரும் எழுதிய, கை துடைக்கும் துணி வைக்கும் உறை ஒன்று உண்டு, அதைப் பணியாளர்கள் குலுக்கிப் போட்டதுபோல மேஜைகளில் மாற்றி மாற்றி வைத்துவிடுவார்கள். உங்கள் உறை எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். பெரிய பேராசிரியர் பக்கத்தில் போய் உட்காரக் கூச்சப்படும் ஆய்வு மாணவர் கூச்சப்படவே வாய்ப்பில்லை, உறை அங்கே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். புதன்கிழமை மதியம் உரை கிடையாது, எல்லாரும் காட்டுக்குள் நடக்கப் போவார்கள். ஐந்தே நாள் இருக்கிற இடத்தில் அரை நாளை நடைக்குக் கொடுத்திருக்கிறார்கள், பல வருடமாகக் கொடுத்து வருகிறார்கள் என்றால் அதில் பலன் இல்லாமல் இருக்காது.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயரில் இருக்கும் மெக்டவல். 1907-இலிருந்து கலைஞர்களும் எழுத்தாளர்களும் போய்த் தங்கும் இடம். காட்டுக்குள் தள்ளித் தள்ளி ஸ்டுடியோக்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். அழைப்பு இல்லாமல் யாரும் அடுத்தவர் ஸ்டுடியோ பக்கம் போகக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறார்கள். மரப்படி சொல்லும் கணக்கில் இவர்கள் விருந்தாளிகள்தான், ஆனால் அங்கே போனவர்கள் வீணாகப் போனோம் என்று நினைப்பதில்லை, ஏனென்றால் காரியம் தெளிவு: எழுதி முடிக்க வேண்டிய ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஆக, நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தனியாக ஆழ்ந்து செய்யும் வேலை என்றால் பகலை யாரும் தொடக் கூடாது. சேர்ந்து செய்யும் வேலை என்றால் ஆட்கள் தானாக முட்டிக்கொள்ளும்படி இடம் இருக்க வேண்டும். நீங்கள் செய்தது இரண்டுக்கும் நடுவில்: பகல் முழுக்க அட்டவணை, அதனால் தனி வேலையும் ஓடாது, சேர்ந்த வேலையும் ஓடாது.

இடம் பற்றி ஒன்று. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இருந்த வெஸ்ட்கேட் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூவரும் செய்த ஆய்வு 1950-இல் புத்தகமாக வந்தது. யாருக்கு யார் நண்பர் என்று கேட்டால், குணம், ரசனை எல்லாவற்றையும் விட வீட்டுக் கதவுகளுக்கு நடுவே இருந்த தூரம் பெரிய காரணமாக இருந்தது. கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல்தளத்தில் நண்பர்கள் அதிகம், காரணம் மேலே போகிறவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வீடு பார்க்கும்போது அறைகள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று பார்க்காதீர்கள். அறையிலிருந்து கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் போகும் வழி எது, அந்த வழியில் இரண்டு பேர் நின்று பேச இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

எல்லாரும் எப்படி நடத்துவது என்று பேசுகிறீர்கள். யாரால் வர முடியும் என்று நான் கேட்கிறேன்.

28 நாள் என்றதும் நான் வெளியே. எனக்கு ஷிஃப்ட் வேலை, வீட்டில் படுக்கையில் இருக்கும் அப்பா, எட்டு வயதுப் பையன். 28 நாள் விட்டுவிட்டு வரக்கூடியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள்: இளம் வயது, சொந்தத் தொழில் அல்லது எங்கிருந்தும் செய்யும் வேலை, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாதவர். 2023-இல் மாண்டினீக்ரோவில், எத்தீரியம் என்ற கிரிப்டோ தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் முன்னெடுத்து, சுமார் இருநூறு பேர் இரண்டு மாதம் தங்கிய ஸுஸாலு என்ற தற்காலிகக் குடியிருப்பைத்தான் பலரும் மாதிரியாகக் காட்டுகிறார்கள். நல்ல முயற்சிதான், அதன் பிறகு பல இடங்களில் அதைப் பார்த்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு மாதம் என்பதே ஒரு சல்லடை. எதையும் சொல்லாமலே ஒரு வகை ஆட்களை மட்டும் உள்ளே விடும்.

நீளம் கூடினால் ஆழம் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளி என்று அமெரிக்காவில் டென்னசியில் ஒன்று, 1932-இல் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் தொடங்கியது. ஹார்ட்டன் அதற்கு முன்னால் டென்மார்க்குக்கே போய், 1844-இலிருந்து அங்கே இருக்கும் தங்கிப் படிக்கும் மக்கள் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, சேர்ந்து வாழ்வதும் பாடுவதும் பேசுவதும்தான் படிப்பு. 1955 கோடையில் ரோசா பார்க்ஸ் அங்கே இரண்டு வாரப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் சாப்பிடுவது அந்தப் பகுதியில் சட்டத்துக்கே ஆகாத காலம், அங்கே ஒரே கூரையின் கீழ் தங்கினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாக வேலை செய்தார்கள். அதே வருடம் டிசம்பர் 1-ஆம் தேதிதான் மான்ட்கோமரி பேருந்தில் அவர் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தது. ஒரு பட்டறையால் மட்டும் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை, அவர் அதற்கு முன்பே பல வருடம் களத்தில் இருந்தவர். ஆனால் வெளியே எங்குமே பார்க்க முடியாத ஒரு வாழ்க்கையை இரண்டு வாரம் வாழ்ந்து பார்க்க முடிந்தது. ஒரு இடத்துக்காக வீட்டை விட்டு வருவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதற்காகத்தான்.

அதனால் என் கோரிக்கை: இரண்டு வாரம் வையுங்கள். குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்குங்கள், குழந்தை பார்க்கும் வேலையையும் மரப்படி சொன்ன ஜோடி வேலைப் பட்டியலில் சேருங்கள். பையனை யாரோ இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் எனக்கு அதுவே வாழ்க்கையில் பார்க்காத விஷயம்.

---

தாழ்வாரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரவுப்பணி, உங்கள் பதிலைப் படித்துவிட்டுப் போன வருடப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு பேரில் குழந்தை இருந்தவர்கள் மூன்று பேர், மூவரும் ஆண்கள், மூவரும் தனியாக வந்தவர்கள். எங்களில் ஒருவருக்கும் இது அப்போது கண்ணில் படவில்லை, வெட்கமாக இருக்கிறது.

ஆறாம்விரல் கேட்ட "காரியம் என்ன" என்பதற்கு இன்னும் முழு பதில் இல்லை. எங்களில் இரண்டு பேர், அந்தப் பழைய வீட்டையே சேர்ந்து பழுது பார்ப்பதைக் காரியமாக வைக்கலாம் என்கிறார்கள், தச்சரும் மறுபடி வரச் சம்மதித்திருக்கிறார்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. வேலையைப் பங்கு போட்டால் சண்டை வருமே? போன தடவை சண்டையே வரவில்லை, அது ஒன்றுதான் எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

---

நடுத்தூண் எழுதியது:

சண்டை வரும். சண்டையே வராதது ஏன் என்றால் யாருக்கும் யாரிடமும் எதுவும் ஆக வேண்டியிருக்கவில்லை.

இரண்டு தடவை ஆறு வாரக் கூட்டுத் தங்கலை ஒருங்கிணைத்த அனுபவத்தில் சொல்கிறேன். பெரிய கொள்கைச் சண்டை எதுவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் கூடத்து விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, ஈரத் துண்டை எங்கே போடுவது என்ற சண்டைகள்தான். முதல் தடவை, பாதிக் காலம் தாண்டிய பிறகு ஒரு வாரம் மிக மோசமாக இருந்தது. ஆரம்பப் புதுமை போய்விட்டது, முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கு விஷயத்தில் இரண்டு பேர் பேசுவதை நிறுத்தி, மெல்ல மெல்ல மேஜையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் கூட்டம் போட்டேன், சமாதானம் பேசினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. பழுது பார்க்க ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சரிவில் கீழே இருந்த கிணற்றிலிருந்து மேலே வரை எல்லாரும் வரிசையாக நின்று வாளி கைமாற்றினோம். அந்த இரண்டு பேரும் வரிசையில் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மதியத்துக்குள் ஒருவர் "கொஞ்சம் கீழே பிடி, சிந்துகிறது" என்றார். ஒன்பது நாளில் அவர் மற்றவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகுதான் 1954-இல் ஓக்லஹோமாவில் முஸாஃபர் ஷெரீஃப் செய்த சோதனையைப் பற்றிப் படித்தேன். முகாமுக்கு வந்த 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார்கள், கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. ஒன்றாகச் சாப்பிட வைத்தும், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தும் பகை தணியவில்லை. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது, வண்டி கிளம்பவில்லை என்று இரண்டு அணியும் சேர்ந்தால்தான் தீரும் பிரச்சினைகளைக் கொடுத்த பிறகே இறங்கி வந்தார்கள். வண்டியை இழுக்க எடுத்த கயிறு, முன்னால் இரண்டு அணியும் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு. சிறுவர்களுக்குச் சொல்லாமல் செய்த சோதனை என்பதால் அந்த முறை எனக்கு ஒப்புதல் இல்லை, நீங்களும் மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தாதீர்கள். வீட்டைப் பழுது பார்ப்பது என்று சொன்னீர்களே, அதுவே போதும், கூரை ஓடு மாற்றும்போது மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் வேண்டும்.

விதிகள் கொஞ்சமாக, குறிப்பாக இருக்கட்டும். நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்ற நிரலாளர் கூடம் 2011-இலிருந்து நடக்கிறது. தங்கும் இடம் இல்லை, ஆனால் அவர்களிடம் இருப்பது நாலே சமூக விதிகள். அதில் ஒன்று, ஒருவர் "எனக்கு இது தெரியாது" என்றால் "இதுகூடத் தெரியாதா" என்று ஆச்சரியம் காட்டக் கூடாது. "ஒருவரையொருவர் மதியுங்கள்" என்று எழுதி வைத்தால் யாரும் தன்னைச் சொல்வதாக நினைக்க மாட்டார்கள். இப்படி எழுதினால் மீறியவருக்கே அந்த நிமிடம் தெரியும், மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். விளக்கு அணைக்கும் நேரத்தை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள், என் அனுபவம் அது.

---

மரப்படி எழுதியது:

கஷ்டம் கொடுத்தால் ஓடிவிடுவார்களோ என்றும் பயப்படாதீர்கள். பிரயாகையில் மாக மேளா என்ற புனித நீராடல் திருவிழாவுக்கு ஒரு மாதம் தங்க வரும் கல்பவாசிகளை வைத்து ஒரு ஆய்வு 2012-இல் வெளியானது. குளிர், இரைச்சல், கூட்டம், பெரும்பாலும் வயதானவர்கள். போய் வந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, போகாமல் ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் தங்கள் உடலும் மனமும் மேம்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கஷ்டம் என்பதை விட, யாரோடு, எதற்காக என்பது தெளிவாக இருந்தால் மனிதர்கள் தாங்குவார்கள்.

---

வெளிவாசல் எழுதியது:

யாரும் முடிவைப் பற்றிப் பேசவில்லை, அதனால் வருகிறேன்.

நான் இப்படி ஒரு தங்கலில் இருந்து திரும்பியபோது ஏறக்குறைய மூன்று வாரம் வீட்டில் யாரோடும் ஒட்டவில்லை. அங்கே நடந்ததை வீட்டில் சொன்னால் கதை மாதிரி இருந்தது, அங்கே இருந்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரம் பொங்கினார்கள், இரண்டாம் வாரம் படம் போட்டார்கள், மூன்றாம் வாரம் அமைதி. கடைசி நாள் விழா எடுத்து, அழுது, அன்று மாலையே பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கோயங்கா மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா முகாமில் இதை எப்படிச் செய்கிறார்கள் பாருங்கள். முதல் ஒன்பது நாள் பேச்சு கிடையாது. பத்தாம் நாள் காலையில் மௌனத்தை விலக்கிவிடுகிறார்கள், ஆனால் அன்று யாரும் கிளம்புவதில்லை, பதினோராம் நாள் காலையில்தான் கிளம்புகிறார்கள். அந்த ஒரு நாள் முழுக்க உலகத்துக்குள் மெல்ல இறங்கும் படி. அங்கே கட்டணமும் கிடையாது, முன்னால் முடித்தவர்கள் தரும் நன்கொடையில் அடுத்தவர் தங்குகிறார், முதல் தடவை வருகிறவர் முகாமை முடிக்கும் முன் கொடுக்க முன்வந்தாலும் வாங்குவதில்லை. உங்களுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவருமா என்பது வேறு, ஆனால் வந்தவரை அடுத்து வருகிறவரோடு முடிச்சுப் போடுகிறது இல்லையா, அதைக் கவனியுங்கள்.

கடைசி இரண்டு நாள் புதிதாக எதுவும் வைக்காதீர்கள். இடத்தைச் சுத்தம் செய்வதும் மூட்டை கட்டுவதும் எல்லாரும் சேர்ந்தே நடக்கட்டும். பர்னிங் மேன் என்ற விழாவில் ஒரு வாரத்துக்கு அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் பெரிய நகரமே எழுகிறது, அவர்களுடைய கொள்கைகளில் ஒன்று தடம் விடாமல் போவது, முடிந்ததும் தரையை அங்குலம் அங்குலமாகத் தேடிக் குப்பை பொறுக்குகிறார்கள். கட்டியவர் கையாலேயே கலைக்கும்போது முடிந்துவிட்டது என்று உடம்புக்குப் புரியும். அப்புறம் கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் வீட்டில் ஒரு ஆளுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், நான் என்ன பார்த்தேன், திரும்பி வந்ததும் எனக்கு எது கஷ்டமாக இருக்கும் என்று. என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்று முன்னாலேயே போயிருந்தால் அந்த மூன்று வாரம் எங்கள் இருவருக்குமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

---

தாழ்வாரம் எழுதியது:

நேற்று ராத்திரி நான்கு பேரும் உட்கார்ந்து இந்த இழையை வாசித்தோம். 28 நாளை 16 நாளாகக் குறைத்தாகிவிட்டது. சமையல் ஆள் இல்லை. காரியம் வீடுதான்: மேற்கூரை, பின்பக்கத் திண்ணை, கதவு ஜன்னல். மதியத்துக்கு மேல் அட்டவணையே இல்லை. குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில் நான்கு அறை, விண்ணப்பத்தில் அவர்களைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். கடைசி இரண்டு நாள் காலி.

அந்த வரியை எழுதியவரை இன்று காலை கூப்பிட்டுப் பேசினேன். கூரை வேலை தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் பட்டியல் போடவும் பொருள் வாங்கிச் சேர்க்கவும் தெரியும் என்றார். அடுத்த வாரம் எங்களோடு வீட்டை அளக்க வருகிறார்.

இரவுப்பணி, உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். எந்த மாதம் என்றால் உங்களுக்கு விடுப்பு கிடைக்கும் என்று சொல்லுங்கள், தேதியை அதற்குப் பிறகு முடிவு செய்கிறோம்.